கோட்டுக்கு மூலை எது?

போன வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. ஒரு பக்கம் என் மனைவி கமலம். மறுபக்கம் நான். நடுவில் ஒரு வெள்ளைக் கோட்டு. கேள்வி இவ்வளவுதான் — கோட்டுக்கு மூலை எது?

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் புதுத் துணி எடுத்தால் மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் வைக்காமல் உடுத்த விடுவார்களா? வேட்டிக்கு மூலை உண்டு. சேலைக்கு உண்டு. துண்டுக்குக்கூட உண்டு. வெள்ளைக்காரன் இந்தக் கோட்டைக் கண்டுபிடித்தபோது இதையெல்லாம் யோசிக்கவே இல்லை!

சரி, அந்தக் கோட்டு எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கமலத்துக்கு ஒரே தம்பி. பெயர் ராமலிங்கம். கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, கல்யாணம் பண்ணியது எல்லாம் அந்த மலையில்தான். தேயிலை விலை எப்படி விழுந்து கிடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துத் தோட்டத்தையும் இவன் தோட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒரே தோட்டத்துக்கு இரண்டு ஆபீஸ் எதற்கு? இவன் ஆபீசைப் பூட்டினார்கள். மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆளும் வந்து போயாயிற்று.

வீட்டில் மனைவி சிவகாமி, கைக்குழந்தை. திருச்சிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள், ‘கப்பலேறி இங்கே வந்துவிடு’ என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வந்து என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ராமலிங்கத்துக்கு இந்தியா என்பது தலைமன்னாருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிற ஒரு தேசம். அங்கே போய் யார் வாசலில் நிற்பான்?

இந்தச் சமயத்தில்தான் முருகேசர் ஒரு நல்ல வார்த்தை சொன்னார். முருகேசர் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டங்களுக்கு உரமும் தேயிலைப் பெட்டியும் விற்கிற ஒரு கம்பெனியின் கண்டி ஆபீசில் பெரிய கிளாக்கர். சாயங்காலம் வாவியைச் சுற்றி நடக்கும்போது எனக்குப் பழக்கம்.

“எங்கடை கந்தோரிலை ஒரு இடம் காலியாக் கிடக்கு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் துரை ஆள் பார்க்கிறார். உங்கடை மச்சினனை வரச் சொல்லுங்கோ” என்றார். இரண்டடி நடந்துவிட்டு நின்றார். “ஒண்டு மறந்து போனன். கோட்டு, களிசான், டை எல்லாம் வேணும். வேட்டியோடை வந்தால் துரை உள்ளுக்கு விடார்.” அவர் பாஷையில் கந்தோர் என்றால் ஆபீஸ், களிசான் என்றால் கால்சட்டை.

வேலை கிடைக்குமோ கிடைக்காதோ... அதற்கு முன்னால் கோட்டு கிடைக்க வேண்டும்!

தோட்டத்தில் ராமலிங்கம் கட்டியது வேட்டி. மேலே ஒரு அல்பாக்கா கோட்டு, அதுவும் முழங்கையில் விட்டுப்போனது. என்னிடம் கழுத்து மூடிய கறுப்புக் கோட்டு ஒன்று இருக்கிறது. சொல்லி அனுப்பியதும் கண்டிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து அதைப் போட்டுப் பார்த்தான். மாமிசத்தில் எனக்கும் அவனுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவாக விளங்கியது. கோட்டுக்குள் இன்னொரு ராமலிங்கத்தையும் விடலாம்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேருமாகப் புறப்பட்டோம். அவன் மடியில் பதினைந்து ரூபாய். அதற்கு மேல் ஒரு சல்லி செலவழிக்கக் கூடாது. மிச்சம் இருப்பது குழந்தையின் பால்மாவுக்கு.

முதலில் வார்ட் வீதியில் இருக்கிற வெள்ளைக்காரக் கடைக்குள் நுழைந்தோம். ஏன் நுழைந்தோம்? அதுதான் எனக்கும் விளங்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொம்மை சூட்டுப் போட்டுக்கொண்டு நின்றது. பார்க்க ராஜாவாக இருந்தது. உள்ளே போய் விலை கேட்டோம். விற்பனைக்கு நின்ற ஆள் எங்களை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக, “டை மாத்திரம் எடுக்கிறீங்களா?” என்று கேட்டார்.

டையின் விலையைக் கேட்டதும் அதையும் எடுக்காமல் வெளியே வந்தோம்.

“மச்சான், இது நமக்குச் சரிப்படாது. வேணாம், நான் தோட்டத்துக்கே போறேன்” என்றான் ராமலிங்கம். எந்தத் தோட்டத்துக்கு? தோட்டம்தான் போய்விட்டதே! “பேசாம வா மாப்ளே” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொழும்பு வீதிக்குப் போனேன்.

கொழும்பு வீதியில் காசிம் நானாவின் தையல் கடை இருக்கிறது. கடை என்றால் ஒரு மிஷின், ஒரு அலுமாரி, உட்கார ஒரு கதிரை. அந்தக் கதிரையிலும் துணி இருக்கும். நானா வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே பேசுவார். இதுவரை ஒன்றையும் விழுங்கவில்லை.

“வாங்க ஐயா, இரிங்க. ஆரு, புது மாப்பிள்ளையா?”

“கல்யாணம் எல்லாம் ஆயிருச்சு நானா. வேலைக்குப் போகணும். வெள்ளிக்கிழமைக்குள்ள சூட்டு வேணும்.”

“வெள்ளிக்கெழமயா? புதுசாத் தெய்க்க நேரமில்லியே” என்று ராமலிங்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தோளைத் தொட்டார். இடுப்பைப் பார்த்தார். பிறகு குண்டூசியைத் துப்பிவிட்டு அலுமாரியைத் திறந்தார். உள்ளே ஒரு வெள்ளை ட்ரில் துணிச் சூட்டு தொங்கியது. பொத்தான் எல்லாம் பளபள என்றிருந்தது.

“இது பிலிமத்தலாவ மாப்பிள்ள ஒத்தருக்குத் தெச்சது. அளவு குடுத்துட்டுப் போனாரு. கலியாணத்துக்கு முந்தி சொந்தக்காரங்க வூட்ல எல்லாம் விருந்து. ஒரு வூடு உடல்ல. திரும்பி வந்து போட்டுப் பாத்தா ஒரு கைதான் உள்ளுக்குப் போச்சு! மத்தக் கை போகல்ல. அவருக்கு வேற தெச்சுக் குடுத்தேன். இது அப்புடியே ஈக்கி.”

ராமலிங்கம் போட்டான். கை சரி. தோள் சரி. இடுப்பில் மட்டும் கொஞ்சம் பிடிக்க வேண்டும். கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, பின்னால் யாரோ துரை நிற்கிறார் என்று நினைத்தவன் போலச் சட்டென்று விலகினான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பையன் நன்றாகத்தான் இருந்தான். மனசுக்குள் ஒரு திருஷ்டியும் கழித்துவிட்டேன்.

விலை பேசினோம். நானா ஒன்று சொன்னார், நான் ஒன்று சொன்னேன். நானா அல்லாவைக் கூப்பிட்டார், நான் எங்கள் கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். இருவரும் கலந்து பேசியிருப்பார்கள் போலிருக்கிறது, பதினான்கு ரூபாயில் முடிந்தது. அதற்குள் ஒரு கறுப்பு டையும் சேர்த்தி.

டையை யார் கட்டுவது? எனக்குத் தெரியாது. ராமலிங்கத்துக்குத் தெரியாது. கட்டுக்கலையில் எங்கள் வரிசையில் உள்ள எட்டு வீட்டிலும் ஒருவருக்கும் தெரியாது. நானாவே அவன் கழுத்தில் கட்டிவிட்டு, “அவுத்துராதீங்க. கொஞ்சம் எளக்கி, தலைக்கு மேலால எடுங்க. வெள்ளிக்கெழம அப்புடியே மாட்டுங்க” என்றார். முடிச்சோடு அது எங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது. தூக்குப் போடுகிற கயிறு மாதிரி இருக்கிறது, விடிந்தால் அதில்தான் முழிக்க வேண்டியிருக்கிறது என்று கமலம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக் கோட்டு வந்து சேர்ந்தது. கமலம் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது புதுசுதானே?”

“புதுசுதான்.”

“அந்தப் பிலிமத்தலாவை மாப்பிள்ளை போட்டுப் பாத்தாருன்னீங்களே?”

“ஒரு கை மட்டுந்தான் போட்டாராம்.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். கடைசியில், “ஒரு கை கணக்கில்ல” என்று தீர்ப்புச் சொன்னாள். அந்த யோசனை எதற்கு என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் கோட்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பேன்.

வெள்ளி விடிந்தது. வெளியே கண்டிக்கே உரிய நசநச தூறல். ராமலிங்கம் குளிக்கப் போனான். நான் கண்ணாடியை ஜன்னலில் சாய்த்துவைத்து முகத்தில் சவுக்காரத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். சாமி படத்துக்கு முன்னால் கமலத்தின் முணுமுணுப்புக் கேட்டது. திரும்பிப் பார்த்தால்... ஒரு கையில் கோட்டு. மறு கையில் குழைத்த மஞ்சள்.

“ஏய், ஏய்! என்ன பண்றே?”

“புதுத் துணிக்கு மஞ்ச வைக்காம உடுத்துறதா? நல்ல காரியத்துக்குப் போற புள்ள!”

“வைக்கிறதுன்னா உள்பக்கமா வையேன்!”

“உள்பக்கத்துல மூலை எங்க இருக்கு?”

நியாயமான கேள்வி. கோட்டின் கீழே பார்த்தாள். அங்கே வளைத்து வெட்டியிருந்தது. கையைப் பார்த்தாள். அது வட்டம். நாலு பக்கமும் தேடிய பிறகு, நெஞ்சில் மடிந்து கிடக்கிற கழுத்துப் பட்டையில் கூராக ஒரு முனை தெரிந்தது. “இதோ மூலை!” என்றாள். அதற்குள் வைத்தும் விட்டாள். கட்டை விரல் அளவுக்கு, கண்ணைப் பறிக்கிற மஞ்சள், நெஞ்சுக்கு நேரே.

குளித்துவிட்டு வந்த ராமலிங்கம் பார்த்தான். கோட்டைப் பிடுங்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினான். நானும் ஓடினேன். என் கையில் இருந்த சவுக்காரத்தைக் கொடுத்து, “தேய், தேய்” என்றேன். தேய்த்தான்.

மஞ்சள் சிவந்தது.

சும்மா சிவக்கவில்லை. இரத்தமாகச் சிவந்தது. யாரோ நெஞ்சில் குத்திவிட்டார்கள் என்று சொன்னால் போலீஸ்காரன் நம்புவான்.

“சவுக்காரம் பட்டா மஞ்ச செவக்கும்னு தெரியாதா உங்களுக்கு? ஆரத்தியில சுண்ணாம்பு எதுக்குக் கரைக்கிறாங்கன்னு நெனைச்சீங்க?” என்று கமலம் பின்னால் நின்று கத்தினாள். எத்தனை கல்யாணத்தில் நமக்கு ஆரத்தி சுற்றியிருக்கிறார்கள்! தட்டில் இருக்கிற மஞ்சள் தண்ணீர் ஏன் சிவப்பாக இருக்கிறது என்று ஆண்பிள்ளைகளில் யாராவது ஒரு நாள் கேட்டிருப்போமா?

அவளே ஓடிப்போய் ஒரு தேசிக்காயை, எலுமிச்சைதான், வெட்டிக்கொண்டு வந்து பிழிந்தாள். சிவப்பு மறைந்தது. மறுபடி மஞ்சள் வந்தது. முன்னைவிட வெளிறிய மஞ்சள், ஆனால் இரண்டு மடங்கு அகலம். வெயிலில் போட்டால் போய்விடும் என்றாள். வெயிலுக்கு எங்கே போவது? கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைச் சுடவைத்து ஈரத்தை மட்டும் தேய்த்துக் காயவைத்தோம்.

“அக்கா, என் பொழப்புல மஞ்சளைப் பூசிட்டியே” என்றான் ராமலிங்கம். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கமலம் அடுப்படிக்குள் போய்விட்டாள். அவளுக்கு மாத்திரம் ஆசையா, தம்பியைக் கப்பலேற்றிவிட?

பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்தோம். குடை இருவருக்கும் இல்லை, கோட்டுக்கு! ராமலிங்கம் வலது கையை நெஞ்சில் கறையின் மேல் வைத்துக்கொண்டே நடந்தான். “கையை எடுக்காதே. சலாம் போடுறதுன்னாலும் குனிஞ்சு போடு” என்று நான் புத்தி சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆபீஸ் விறாந்தையில் ஒரு பெஞ்சு. அதில் ஏற்கெனவே நாலு இளைஞர்கள் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ராமலிங்கம் ஐந்தாவது ஆள். நான் எதிரே தூணோரம் நின்றேன்.

நின்றபடி அந்த நாலு கோட்டையும் பார்த்தேன். நல்ல கோட்டுகள். ஒன்று அப்பட்டமான சீமைத் துணி, நாலு ராமலிங்கத்தை விற்றாலும் வாங்க முடியாது. ஆனால் அதன் கை விரல் நுனி வரைக்கும் வந்தது. இன்னொன்றில் பொத்தான் போட்டால் பையனுக்கு மூச்சு வராது.

சட்டென்று விளங்கியது. இவை எல்லாம் சலவைக்காரன் கோட்டு!

கண்டியில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், துரைமாருக்கு மட்டும் தெரியாது. அவர்கள் வெளுக்கப் போட்ட உடுப்பு நேராகப் பங்களாவுக்குத் திரும்பாது. நடுவில் ஒரு நாள் ஊர் சுற்றும். கல்யாணம், படம் பிடிப்பது, இன்டர்வியூ, எதற்கும் சலவைக்காரர் வாடகைக்குக் கொடுப்பார். அரை ரூபாய், முக்கால் ரூபாய். திங்கட்கிழமை இந்த யோசனையை நான்தான் முதலில் சொன்னேன். “அடுத்தவன் வேர்வையில என் தம்பி வேலை தேடப் போவானா?” என்று கமலம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் ஆள் உள்ளே போனான், வந்தான். இரண்டாவதாக அந்தச் சீமைக் கோட்டுக்காரன் போனான். பிறகு துரையின் குரல் விறாந்தை அதிரக் கேட்டது. கதவு திறந்தது. பையன் ஓடி வந்தான். உடம்பில் கோட்டு இல்லை! சட்டையோடு படியிறங்கி, மழையில், திரும்பிப் பார்க்காமல் போனான்.

பெஞ்சில் இருந்த மற்ற இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெதுவாக எழுந்தார்கள். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் மாதிரி நழுவினார்கள். பிறகு வரவில்லை.

“அடுத்த ஆள்!” என்று பியூன் கூப்பிட்டான். ராமலிங்கம் என்னைப் பார்த்தான். கை நெஞ்சில் இருந்தது. அப்படியே உள்ளே போனான்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். கடைசியில் முருகேசர்தான் வெளியே வந்தார். கண்ணில் தண்ணீர். அழுகிறாரோ என்று எதிரே ஓடினேன். சிரித்துச் சிரித்து வந்த தண்ணீராம்!

“உந்தக் கதையைக் கேளுங்கோ” என்று என்னைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். “அந்த இரண்டாவது பெடியன் போட்டுக்கொண்டு வந்தது துரையின்ரை சொந்தக் கோட்டு! கொலருக்கு உள்ளுக்குப் பேரும் தைச்சுக் கிடக்கு. துரைக்கு வந்துதே கோபம்! உந்த ஊரிலை ஒருத்தனும் சொந்தக் கோட்டுப் போடுறதில்லையோ எண்டு மேசையிலை அடிக்கிறார். அந்த நேரம் பார்த்து உங்கடை மச்சினன் நெஞ்சைப் பொத்திக்கொண்டு வாறார். துரை சும்மா இருப்பாரோ? அடுத்த கள்ளன் எண்டு நினைச்சுப்போட்டார். கையை எடு எண்டார்.”

“எடுத்தானா?”

“எடுக்காமல்? எடுத்தால் மஞ்சள்! உது என்ன கறை எண்டு துரை கேட்டார். உவருக்குப் பயத்திலை இங்கிலீசு வரேல்லை. ‘சிஸ்டர், சேர்’ எண்டார். வேறை ஒண்டும் சொல்லேல்லை. பிறகு நான்தான் எடுத்துச் சொன்னன். எங்கடை சனம் புது உடுப்புக்கு மஞ்சள் வைச்சுத்தான் போடுறது, இரவல் உடுப்புக்கு ஒருநாளும் வையாது, உது இண்டைக்கெண்டே வாங்கினது, வீட்டிலை தமக்கை வைச்சு அனுப்பியிருக்கிறா எண்டு.”

“துரை என்ன சொன்னார்?”

“கொலரைத் திருப்பிப் பார்த்தார். பேரில்லை. பிறகு கோபம் தணிஞ்சு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். கணக்குக் குடுத்தார். உவர் மளமளவெண்டு செய்துபோட்டார். எழுத்தும் முத்து முத்தான எழுத்து. தோட்டத்துக் கணக்கு எல்லாம் அத்துப்படி. எனக்கே விருப்பமாப் போச்சு.”

“வேலை?”

“ஓம். திங்கட்கிழமை வரச் சொல்லியாச்சு. கந்தோருக்குப் பின்னாலை இரண்டு அறை வீடும் இருக்கு.”

முருகேசரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. ராமலிங்கம் வெளியே வந்தபோது இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தான். கறை ஊருக்கெல்லாம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கமலம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை பேசவில்லை. இருபது வருஷத்தில் இது முதல் தடவை. எழுந்து போய்ப் பாயசத்துக்கு அடுப்பை மூட்டினாள். அவளும் நானும் குடித்துத் தீர்த்தோம், ராமலிங்கம் ஒரு வாயோடு எழுந்துவிட்டான். சிவகாமிக்குச் சொல்ல வேண்டுமே!

“உடுப்பை மாத்திட்டுப் போடா” என்றாள் கமலம். “இதோட போறேன் அக்கா, அவ பாக்கட்டும்” என்றான். களிசான் கசங்கிவிடும் என்று கலஹா பஸ்ஸில் கடைசி வரைக்கும் நின்றுகொண்டே போனானாம்.

மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை சிவகாமி வாயாலேயே கேட்டேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, வெட்கப்பட்டு, வெட்கப்பட்டுச் சொன்னாள்.

இருட்டுகிற நேரம். ஜன்னல் வழியே பார்த்தாளாம். மலைப் பாதையில் வெள்ளைச் சூட்டும் டையுமாக ஒரு ஆள் விறுவிறு என்று வீட்டைப் பார்த்து வருகிறார். வீட்டைக் காலி பண்ணச் சொல்ல ஆபீசிலிருந்து பெரிய ஆள் யாரோ வந்துவிட்டார் என்று நினைத்து, விளக்கை ஊதி அணைத்து, கதவைத் தாழ்ப்பாள் போட்டு, குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாளாம்.

“சிவகாமி, நான்தான்!” என்று வெளியிலிருந்து கத்தினானாம். சந்தோஷத்தில் அவன் குரலும் மாறியிருந்ததோ என்னவோ, அவள் நம்பவில்லை. ஜன்னலோரம் போய்க் கோட்டைக் கழற்றி, டையைத் தலைக்கு மேலால் எடுத்து, இரண்டையும் வேலியில் போட்டுவிட்டுச் சட்டையோடு நின்று காட்டினானாம்.

அப்புறம்தான் கதவு திறந்தது!